கரையில் நிற்கும் வழித்துணை

கார்த்திகை பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று வலுத்துவிட்டால், கல்முனைக்கு மேற்கே செல்லும் வீதிகள் சில நாட்களுக்கு வீதிகளாக இருப்பதில்லை. அவை நீருள் இறங்கி, நெடுந்தூரங் கழித்து மறுகரையில் ஏறுகின்றன. இடையிற் கிடப்பது வீதியா, வயலா, வாவியா என்பதை அவ்வூரார் மட்டுமே அறிவர். அயலூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் முதன்முதலாக அந்தக் காட்சியைக் கண்டால், தாம் வழிதவறி வந்துவிட்டதாகவே எண்ணுவார்.

இந்நிலத்தின் அமைப்பை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் யாவும் கடலோரத்து மணல்மேட்டின்மேல் இருக்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே பரந்த வயல்வட்டைகளும் வாவியின் தென்கோடியும். மேற்கே பெய்யும் மழையும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெருங்குளமாகிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து திறந்துவிடப்படும் மிகைநீரும் கடலை அடைய வேண்டுமானால், இம்மணல்மேட்டைக் கடந்தாக வேண்டும். தோணாக்களும் முகத்துவாரங்களுமே அதற்குள்ள வாயில்கள். அலை மணலைக் கொணர்ந்து அவ்வாயில்களை அடைத்துவிடும். மண்வெட்டியோடும் இயந்திரத்தோடும் சென்று முகத்துவாரத்தை வெட்டிவிடும் வரையில், வந்த வெள்ளம் போக்கிடமின்றி வயலிலும் வீதியிலும் தேங்கி நிற்கும். வெட்டிய பின்னரோ, தேங்கிய அத்தனையும் ஒருமிக்க ஓடத் தொடங்கும். தேங்கிய நீரினும் ஓடும் நீரே கொடிது.

கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியும், காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குச் செல்லும் வீதியில் மாவடிப்பள்ளியை அண்டிய பகுதியும் இவ்வகையிற் பெயர் பெற்றவை. தாம்போதி என்பது நீர் தன் மேலாகப் பாயட்டும் என்றே தாழ அமைத்த பாதை. பாலத்தைப் போல அது வெள்ளத்தோடு வழக்காடுவதில்லை. மாரி வந்ததும் பணிந்து வழிவிட்டுவிடுகிறது. ஆனால் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் வைத்தியசாலைக்கும் போகவேண்டிய மனிதர் அவ்வாறு பணிந்து வீட்டில் இருந்துவிட முடியுமா?

அத்தகைய நாட்களில் வழியில் நிற்பவன் வேண்டுவது முன்பின் அறியாதார் செய்யும் உதவியைத்தான். உற்றார் உதவி வீட்டு முற்றத்தோடு முடிந்துவிடுகிறது. நடுவழியில் நனைந்து நிற்பவனுக்கு யார் இருக்கிறார்? உழவு இயந்திரத்தின் பெட்டியில், யாரென்று கேளாமல் ஏற்றிக்கொள்கிறவர் இருக்கிறார். தோணியைக் கரைக்கு ஒதுக்குகிறவர் இருக்கிறார். வயற்காவல் வாடியில் இருந்துகொண்டு, மழையில் ஓடுபவனைக் கூவி அழைத்து, சாக்கை உதறிப் போட்டு, அடுப்படியில் இடந்தருகிற முல்லைக்காரர் இருக்கிறார். கேத்தலைக் கழுவிக் கவிழ்த்த பின்னரும், நனைந்த முகத்தைக் கண்டு மறுபடி அடுப்பை மூட்டுகிற தேநீர்க் கடைக்காரர் இருக்கிறார். இவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஏடு கொள்ளாது. இவர்களுக்கு நன்றி சொல்லவும் நம்மிடையே ஆட்கள் உண்டு.

நான் இங்கே எழுத எடுத்துக்கொண்டது இன்னொரு வகையார் பற்றி. தாம்போதியின் கரையிலே நின்றுகொண்டு, 'இறங்காதீர்கள்' என்று சொல்கிறவர் அவர். அவரை யாரும் புகழ்வதில்லை. பத்திரிகையில் அவர் படம் வருவதில்லை. பெரும்பாலும் அவர் பெறுவது வசவே. அவர் தடுத்ததால் ஒன்றும் நேராமற் போயிற்று. ஒன்றும் நேராத இடத்தில் நன்றிக்கு என்ன வேலை?

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதியை இப்பகுதி மறக்காது. வங்கக் கடலில் உருவாகிப் பின்னர் பெங்கல் எனப் பெயர் பெற்ற புயலுக்கு முன்னோடியாகக் கிழக்கெங்கும் அடைமழை பெய்துகொண்டிருந்த நாட்கள் அவை. நிந்தவூரிலுள்ள ஓர் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர் சிலர், காலநிலை காரணமாகச் சம்மாந்துறையிலுள்ள தம் வீடுகளுக்குத் திரும்பினார்கள். காரைதீவுக்கு மேற்கே, மாவடிப்பள்ளியருகே வீதியை மேவி வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. அவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டி நீரோட்டத்தில் அகப்பட்டுக் கவிழ்ந்தது. ஐந்து மாணவர் உயிரோடு மீட்கப்பட்டனர். மாணவர் அறுவரும் வண்டியோடு சென்ற வேறு இருவருமாக எண்மர் மாண்டனர். அடுத்து வந்த நாட்களில் அவ்வூர்க் கரைகளில் நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்த தாய் தந்தையரைப் பற்றி எழுத என் பேனாவுக்கு வலிமையில்லை.

வீட்டுக்குப் போகவேண்டிய பிள்ளைகளை ஏற்றிச் செல்வது இப்பகுதியில் ஆண்டுதோறும் நடப்பது. எத்தனையோ மாரிகளில் எத்தனையோ ஆயிரம் பேர் அப்படிக் கரை சேர்ந்திருக்கிறார்கள், நானும் சேர்ந்திருக்கிறேன். ஆகவே அன்று அந்தப் பெட்டியில் ஏற்றியவரையோ ஏறியவரையோ குறைசொல்ல நா எழவில்லை. கேள்வி வேறு. இரக்கம் ஒன்றே போதுமா? நீரை அறிந்த இரக்கம் என ஒன்று தனியே உண்டா?

நீரின் கணக்கைச் சற்றே பார்ப்போம். ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அரையடி ஆழத்தில் விரைந்தோடும் நீர் வளர்ந்த மனிதனின் காலை வாரிவிடும். ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். இரண்டடி நீர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் சென்றுவிடும். அமெரிக்க வானிலைத் துறையினர் இக்கணக்கைச் சொல்லியே, நீர் மூடிய வீதியைக் கண்டால் திரும்பிப் போய்விடுங்கள் என்று தம் மக்களுக்கு ஓயாமல் எச்சரிக்கை செய்து வருகின்றனர். உழவு இயந்திரத்தின் பெருஞ் சில்லுகளும் உயர்ந்த இருக்கையும் நம்பிக்கை தருவது உண்மைதான். ஆனால் பின்னால் வரும் பெட்டி அகன்றது. நீரோட்டத்துக்குத் தன் விலாவைக் காட்டுவது. ஏறியவர் பாரம் அதன் மேற்புறத்தில் நிற்கிறது. முன்னே உள்ள இயந்திரம் தரையைப் பற்றியிருக்கும்போதே பின்னே உள்ள பெட்டி வழுக்கிவிடலாம். மேலும், தாம்போதியைத் தாண்டி விழும் நீர் முதலில் அரிப்பது வீதியின் கீழ்ப்புற ஓரத்தை. நேற்று அங்கே இருந்த ஓரம் இன்று இல்லாமலிருக்கும். கலங்கிய செந்நீர் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு இவ்விடத்தில் இரண்டு இலக்கியச் செய்திகள் நினைவுக்கு வாராமற் போகா.

ஒன்று பேகன் கதை. ஆவியர் குலத்துப் பேகன் காட்டு மயிலுக்குப் போர்வை ஈந்தவன். வகுப்பிலே இதனைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மயிலுக்கு எதற்குப் போர்வை? அது உடுக்குமா, போர்த்துமா? சிரிக்கட்டும். பரணர் என்னும் பெரும்புலவர் அதற்குக் கொடைமடம் என்றே பெயர் வைத்துவிட்டார். ஆராயாது கொடுத்தல் என்பது அதன் பொருள். கொடுக்கும் கையில் இந்த மடமை அழகு; உள்ளம் பெருகி அறிவைச் சற்றே மூடிவிடும் அழகு. ஆயின் போர்வை கொடுத்துத் தவறினால் போவது போர்வை மட்டுமே. வெள்ளத்திலே வழிகாட்டித் தவறினால் போவது வேறு. கொடைக்கு மடம் பொருந்தும், வழித்துணைக்குப் பொருந்தாது.

மற்றொன்று மலைபடுகடாம். ஆற்றுப்படை நூல்களை வெறும் பரிசில் இலக்கியமாகவே நாம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்துவிடுகிறோம். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் அனுப்புவது, வள்ளலின் புகழ், அவன் நாட்டு வளம் என்று குறிப்பெழுதி முடித்துவிடுகிறோம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், நன்னனைப் பாடிய 583 அடிகளில் எத்தனை அடிகளை வழியின் அபாயத்துக்கே ஒதுக்கியிருக்கிறார் என்பதை யாரும் எண்ணச் சொல்வதில்லை. வழியிற் கண்ட கூத்தனுக்கு இன்னொரு கூத்தன் சொல்கிறான்: இங்கே குழியுண்டு, அதில் பாம்பு ஒடுங்கியிருக்கும், இங்கே தினைக்காவலர் எறியும் கவண்கல் வரும், மரத்தின் பின்னே மறைந்து போங்கள், இங்கே பாறையில் பாசி படர்ந்திருக்கும், அடி சறுக்கும், கோரைத் தண்டையும் மூங்கிற் கோலையும் பற்றிக்கொண்டு கடவுங்கள், பொழுது விழுந்தால் மேற்செல்லாதீர்கள், குகையிலே தங்குங்கள். இவ்வாறு 'போங்கள்' என்ற சொல்லைவிடப் 'பார்த்துப் போங்கள்', 'நில்லுங்கள்' என்ற கருத்தே அப்பகுதியெங்கும் நிறைந்திருக்கிறது.

அதனினும் அரிய செய்தி ஒன்று அங்கே உண்டு. வழி பிரியும் இடத்திலே, பின்னால் வரும் புதியவர் மயங்காதபடி, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறு அவன் கூறுகிறான். பின்னால் வரப்போகிறவன் யார்? அவனை இவன் காணப்போவதில்லை. அவன் நன்றி சொல்லப்போவதும் இல்லை. வள்ளல் கொடுக்கும் யானையையும் பொன்னையும்விட, அந்தப் புல் முடிச்சு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. உரையாசிரியர்கள் என்னோடு உடன்படுவார்களோ அறியேன்.

இக்கரையோர முஸ்லிம் ஊர்களிலே இதே கருத்து வேறொரு வழியாக வந்து நிலைபெற்றிருக்கிறது. இஸ்லாத்தில் ஸக்காத்துப் பெற உரியோரென வகுக்கப்பட்ட எண்வகையினருள் வழிப்போக்கர் ஒரு வகையினர். ஊரிலே செல்வராயினும், வழியிலே தவித்து நிற்கும்போது அவர் உதவி பெற உரியவராகிறார். ஈமானுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், நடைபாதையிலே தீங்கு தருவதை அகற்றுவதும் அவற்றுள் ஒன்றென்றும் நபிகள் நாயகம் அவர்கள் கூறியதைப் பள்ளிவாசற் பிரசங்கங்களிற் கேட்டு வளர்ந்தவர் இங்கே பலர். அகற்ற முடியாத தீங்கை அடையாளங் காட்டுவதும் அதன் பாற்பட்டதே. வெள்ளம் பாயும் வீதியின் உடைந்த ஓரத்திலே பச்சைக் கொப்பொன்றை நட்டு, அதிற் சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருப்பதைப் பல மாரிகளிற் கண்டிருக்கிறேன். நட்டவர் இன்னாரென்று ஒருநாளும் தெரிந்ததில்லை. பெருங்கௌசிகனார் கண்டிருந்தால் புல் முடிச்சுக்கு அடுத்த அடியிலே அதனையும் வைத்திருப்பார்.

தடுத்து நிறுத்துகின்றவரின் அருமையை எங்கள் குடும்பம் 1978இலேயே அறிந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி 915 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மட்டக்களப்பின் தென்னந் தோட்டங்களிற் பெரும்பகுதியை ஓரிரவில் சாய்த்துவிட்டது. நான் அப்பொழுது சிறுவன். கல்லாற்றுப் பக்கம் போயிருந்த என் தந்தையார் மாலைப்பொழுதிலே கால்நடையாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மருதமுனையை அடைந்தபோது காற்று அவரை வீதியிலே நிற்கவிடவில்லை. அறிமுகமே இல்லாத ஒரு கல்வீட்டார் கையைப் பிடித்து உள்ளே இழுத்தனர். நெசவுக்காரர் வீடு. தறியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஓலைக்குடிசைகளிலிருந்து ஓடிவந்த அயலவர் பலரும் அங்கே நெருங்கி இருந்தார்களாம்.

இரவில் ஒரு வேளை காற்றுச் சட்டென்று அடங்கிற்று. ஓசையே இல்லை. எல்லாம் முடிந்ததென்று எண்ணித் தந்தையார் எழுந்தார். வீட்டிலே நாங்கள் என்ன ஆனோமோ என்ற தவிப்பு அவருக்கு. அந்த வீட்டு மூதாட்டி எழுந்து போய்க் கதவின் குறுக்கே நின்றுகொண்டார்.

“இப்பதான் காத்து மூச்செடுக்குது மனே. இன்னொருக்கா வரும். கதவத் துறக்கப்படாது.”

சூறாவளிக்குக் கண் என்று ஒன்று உண்டு. அது கடக்கும்போது காற்று ஓய்ந்து வானம் வெளுக்கும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் கொடிய காற்று எழும். முதற் காற்றிலே தளர்ந்து நின்ற மரமும் சுவரும் இரண்டாங் காற்றிலே வீழும். அந்த மூதாட்டி இதை எந்த நூலிலும் படித்தவரல்லர். வந்தவரின் தவிப்பையும் அவர் அறியாதவரல்லர். தந்தையார் கெஞ்சினாராம், பின்னர் கோபித்தாராம். உம்மா அசையவில்லை. இரண்டாங் காற்று வந்தபோது வீட்டின் முன்னால் நின்ற தென்னைகள் வீதிக்குக் குறுக்கே விழுந்த ஓசையை அவர் சாகுமளவும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உம்மாவின் பெயரை மட்டும் அவர் சொன்னதில்லை. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை போலும்.

கிட்டங்கித் தாம்போதியில் நான் நேரே கண்டதையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன், மார்கழி மாதம். மறுகரையிலுள்ள பாடசாலை ஒன்றிலே பரீட்சைக் கடமைக்காகப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலை. தாம்போதியிலே நீர் மேவிப் பாய்ந்துகொண்டிருந்தது. கரையிலே சாரனை மடித்துக் கட்டி, தலையிலே ஒரு பொலித்தீன் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையிலே நீண்ட கம்போடு நின்றார். அரசாங்கம் அமர்த்திய காவலரல்லர், கூலிக்கு நின்றவருமல்லர். அக்கரையில் வயல் செய்கிறவர் என்பதைப் பின்னர் பேச்சிலே அறிந்தேன்.

“சேர், கொஞ்சம் பொறுங்க. தண்ணி இன்னம் ஏறுது.”

ஏறுகிறதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கரையிலே குத்தியிருந்த சிறு குச்சியைக் காட்டினார். குச்சியில் மூன்று வெட்டுக்கள். மிதந்து செல்லும் ஆற்றுவாழைக் கூட்டங்களைக் காட்டினார். ஓரிடத்திலே அவை நேரே போகாமற் சுழன்று திரும்பிச் சென்றன. “அதுக்குக் கீழ பள்ளம் விழுந்திருக்கு சேர்,” என்றார். நான் மாணவர்க்கு இலக்கணம் விளக்குவதினும் தெளிவாக இருந்தது அவர் விளக்கம்.

அவ்வேளையிலே ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளிலே வந்தான். அவனுக்கும் கடமைக்கு நேரமாயிற்று. நிறுத்தாமல் இறங்கப் பார்த்தான். இவர் பாய்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“வழிய உடுங்க காக்கா! இது உங்கட ரோட்டா?”

“ஏசுறதெண்டா ஏசு மனே. இறங்க மட்டும் உடமாட்டன்.”

அவன் ஏசினான். இங்கே எழுதத் தகாத சொற்களும் அதிலிருந்தன. அவர் முகம் மாறவில்லை, கையையும் எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எங்களைப் பாராமல், மழையிலே தள்ளிப் போய் நின்றான். அவர் தம் தலையிலிருந்த உறையைக் கழற்றி அவனிடம் கொடுத்தனுப்பினார், என் கையில். அவன் அதனை வாங்கிக்கொண்டான்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மேல்வெட்டை மூடியிருந்த நீர் இரண்டு விரலளவு வடிந்தது. அதன் பின்னரே அவர் முதலில் இறங்கினார். கம்பினால் தட்டித் தட்டி, மேற்புற ஓரத்தைப் பிடித்து நடந்தார். நான் அவர் பின்னே. எனக்குப் பின்னே இளைஞன், வண்டியைத் தள்ளிக்கொண்டு. சுழல் இருந்த இடத்தை அண்டியபோது அவர் கம்பைப் பள்ளத்திலே விட்டுக் காட்டினார். ஆளுயரக் கம்பிற் பாதிக்கு மேல் உள்ளே போயிற்று. இளைஞன் ஒன்றும் பேசவில்லை.

மறுகரை ஏறியதும் பையிலிருந்து பணத்தை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு தலையை அசைத்தார். தம் வயல் அந்தப் பக்கம் என்றும், வந்த வேலை தமக்கும் இருக்கிறது என்றும் சொன்னார். பின்னர் கம்பை என் கையிலே தந்தார்.

“இங்கால இருந்து அங்கால போறவங்க வருவாங்க சேர். அவங்கள்ட குடுங்க. போய்ச் சேந்ததும் அந்தக் கரையில குத்திட்டுப் போகச் சொல்லுங்க. தண்ணி மூணாவது வெட்டுக்கு மேல ஏறினா ஆரையும் இறங்க உடவேணாம் எண்டும் சொல்லுங்க.”

நான் கம்போடு நின்றேன். சிறிது நேரத்தில், குழந்தையைத் தோளிலே போட்டுக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக ஒரு தம்பதியர் வந்தனர். கம்பைக் கொடுத்து, மூன்று வெட்டுக்களின் செய்தியையும் சுழலின் இடத்தையும் சொன்னேன். கணவர் கம்பை வாங்கி, ஒரு முறை தரையிலே ஊன்றிப் பார்த்துவிட்டு, முன்னே இறங்கினார்.